கையில் பந்து, மனதில் தயக்கம்: மாத்தளையின் இளம் கூடைப்பந்தாட்டப் பிள்ளைகள்

பாடசாலைகளுக்கிடையிலான கூடைப்பந்தாட்டப் போட்டிகளைப் பார்க்கச் செல்வோர் ஒரு காட்சியை அடிக்கடி அவதானித்திருக்கலாம். பதினான்கு அல்லது பதினைந்து வயதுப் பிள்ளையொன்றின் கைக்குப் பந்து வந்து சேர்கின்றது. தடுப்பதற்கு முன்னால் எவரும் இல்லை. வளையமும் அண்மையிலேயே உள்ளது. ஆயினும் அப்பிள்ளை வளையத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை. சுடுகின்ற பாத்திரத்தைக் கைவிடுவது போலப் பந்தைப் பக்கத்திலுள்ளவருக்குக் கொடுத்துவிட்டுப் பின்வாங்கிவிடுகின்றது. அதே பிள்ளை முதல்நாள் மாலைப் பயிற்சியில் அதே இடத்திலிருந்து பத்துக்கு ஆறு முறை பந்தை வளையத்தினுள் இட்டிருக்கக்கூடும். எனவே இது திறமைக் குறைவு அன்று. தன்னால் முடியும் என்ற எண்ணம் தேவைப்படும் கணத்தில் கைகொடுக்காமற் போவதே இங்குள்ள பிரச்சினையாகும்.

இதற்கு எமது மைதானங்களில் வழங்கப்படும் மருந்து ஒன்றே ஒன்றுதான். “பயப்படாதே, அடி!” என்று எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்று உரத்துச் சத்தமிடுவது. அச்சத்தம் எந்தப் பிள்ளையின் பயத்தையும் போக்கியதாகத் தெரியவில்லை. தன்னம்பிக்கை என்பது வெளியிலிருந்து ஊற்றப்படும் ஒன்றல்ல, செய்து முடித்த காரியங்களின் எச்சமாக உள்ளே படிவது. அவ்வாறாயின், அது படிவதற்கேற்ற காரியங்களை ஒழுங்குசெய்து கொடுப்பது பெரியவர்களின் பொறுப்பாகின்றது.

முதலில் இவ்விளையாட்டின் தன்மையைக் கவனிக்க வேண்டும். கிரிக்கெட்டில் துணிவற்ற ஒரு சிறுவனை எல்லைக் கோட்டருகே நிறுத்திவிட்டால் அவன் அன்றைய பொழுதை எவர் கண்ணிலும் படாமற் கழித்துவிடலாம். கூடைப்பந்தாட்டத்தில் ஒளிவதற்கு இடமில்லை. 28 மீற்றர் நீளமும் 15 மீற்றர் அகலமும் கொண்ட சிறிய திடலில் ஓர் அணிக்கு ஐவர் மாத்திரமே நிற்கின்றனர். பந்து கிடைத்த அணி 24 விநாடிகளுக்குள் வளையத்தை நோக்கி எறிந்தாக வேண்டும். பார்வையாளர்கள் ஆட்டக்காரரின் முகபாவத்தைக் காணுமளவுக்கு அண்மையில் இருக்கின்றனர். எறிந்த பந்து உள்ளே விழுந்ததா, வெளியே தெறித்ததா என்பது எல்லோருக்கும் ஒரே கணத்தில் தெரிந்துவிடுகின்றது. தன்னைப் பிறர் எவ்வாறு பார்க்கின்றனர் என்ற கவலை மிகுந்திருக்கும் வயதில் இது சிறிய சோதனையன்று.

ஆனால், பிள்ளைகளுக்கு நாம் சொல்லத் தவறும் ஓர் உண்மையும் இவ்விளையாட்டில் உண்டு. உலகின் மிகச் சிறந்த தொழில்முறை ஆட்டக்காரர்களே ஆட்டத்தின்போது எறியும் பந்துகளில் ஏறத்தாழ அரைவாசியைத் தவறவிடுகின்றனர். இரண்டில் ஒன்றை இடுபவர் நல்ல ஆட்டக்காரர் என்று மதிக்கப்படுகின்றார். பாடசாலையில் ஐம்பது புள்ளி என்றால் தலைகுனியப் பழக்கப்பட்ட எமது பிள்ளைகளுக்கு இக்கணக்கைப் பயிற்சியின் முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும்.

உளவியலறிஞர் அல்பேர்ட் பண்டூரா 1977ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையொன்றில், ஒரு காரியத்தைத் தன்னால் செய்ய முடியும் என்ற எண்ணம் நான்கு வழிகளில் உருவாகின்றது என எடுத்துக்காட்டினார். தானே செய்து வெற்றி காண்பது, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் காண்பது, பிறர் சொல்லும் ஊக்க வார்த்தை, தன் உடலின் படபடப்பைத் தான் எவ்வாறு விளங்கிக்கொள்கிறோம் என்பது ஆகியனவே அவை. இவற்றுள் முதலாவதே வலிமை மிக்கது என்பது அவருடைய முடிவாகும். நாமோ மூன்றாவதையே பிடித்துக்கொண்டு நிற்கின்றோம்.

தானே செய்து வெற்றி காண்பதென்றால் வெற்றி எட்டக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும். கூடைப்பந்து வளையத்தின் உயரம் 3.05 மீற்றர். இது வளர்ந்தவர்களுக்கான அளவு. 1950ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்க்ரான்டன் நகரில் ஜே ஆர்ச்சர் என்ற ஆசிரியர் சிறுவர்களுக்கெனத் தாழ்ந்த வளையத்தையும் சிறிய பந்தையும் கொண்ட ஆட்டமொன்றை உருவாக்கினார். மினி கூடைப்பந்தாட்டம் என இன்று உலகெங்கும் ஆடப்படும் அவ்வாட்டத்தில் வளையத்தின் உயரம் 2.60 மீற்றர் ஆகும். மாத்தளை மாவட்டத்தின் கிராமப்புறப் பாடசாலையொன்றில் தரம் 8இல் முதன்முறையாகப் பந்தைத் தொடும் ஒரு மாணவியை, பலகையிலிருந்து 4.6 மீற்றர் தூரத்திலுள்ள கோட்டில் நிறுத்தி, ஆண்களுக்குரிய ஏழாம் இலக்கப் பந்தைக் கொடுத்து எறியச் சொன்னால் என்ன நிகழும்? பந்து வளையத்தைக்கூடத் தொடாது. பத்துத் தடவைகள் அவ்வாறு நிகழ்ந்தால், இது எனக்கு உரியதன்று என்ற பாடத்தை அவள் மிகச் சரியாகக் கற்றுக்கொள்வாள். அவளை வளையத்தின் கீழ் ஒரு மீற்றர் தூரத்தில் நிறுத்தி, பெண்களுக்குரிய ஆறாம் இலக்கப் பந்தையோ அதனிலும் சிறிய ஐந்தாம் இலக்கப் பந்தையோ கொடுத்துப் பார்க்கலாம். பத்துக்கு ஏழு விழுந்த பின்னர் அரை மீற்றர் பின்னே நகர்த்தலாம். ஒரு மாத முடிவில் அவள் நிற்கும் இடம் அவளுக்கே வியப்பளிக்கும்.

இதற்கு ஒரு அப்பியாசக் கொப்பி போதுமானது. ஒவ்வொரு பிள்ளையும் தான் எந்தத் தூரத்திலிருந்து எத்தனை எறிந்து எத்தனை இட்டது என்பதைத் திகதியுடன் எழுதி வரட்டும். அடுத்தவரின் எண்ணிக்கையுடன் ஒப்பிடாமல், சென்ற வாரத்துத் தன்னுடைய எண்ணிக்கையுடன் மட்டும் ஒப்பிடப் பழக்க வேண்டும். போட்டி நாளில் “உன்னால் முடியும்” என்று ஆசிரியர் சொல்வதைவிட, “கடந்த வெள்ளிக்கிழமை இதே தூரத்திலிருந்து பத்துக்கு ஏழு இட்டாய்” என்று சொல்வது வலிமையானது. முன்னையது ஆறுதல், பின்னையது சாட்சி.

கூடைப்பந்துத் திடல் இல்லாத பாடசாலைகளே எமது மாவட்டத்தில் அதிகம் என்ற குறை சொல்லப்படலாம். அது நியாயமானதே. எனினும் இலங்கையின் பெண் பிள்ளைகள் நன்கறிந்த வலைப்பந்தாட்டத்தின் வளையமும் அதே 3.05 மீற்றர் உயரத்திலேயே உள்ளது. பின்னால் பலகை இல்லை என்பதுடன், அவ்வளையத்தின் விட்டம் 38 சென்ரிமீற்றர் மாத்திரமே. கூடைப்பந்து வளையத்தின் விட்டமோ 45 சென்ரிமீற்றர். சிறிய வாயில் இடப் பழகிய கைக்குப் பெரிய வாய் கடினமாக இராது. ஓட்டமும் பந்தைத் தரையில் தட்டிச் செல்லும் முறையும் வேறுபடினும், எறிவதற்கான துணிவை வலைப்பந்துக் கம்பத்தடியிலேயே வளர்த்துக்கொள்ளலாம்.

வலைப்பந்து என்றதும் தர்ஜினி சிவலிங்கத்தை நினையாதிருக்க முடியாது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்து இலங்கை அணிக்குத் தலைமை தாங்கிய இவ்வீராங்கனையின் உயரம் ஏறத்தாழ 208 சென்ரிமீற்றர். அந்த உயரத்திற்காகவே இளம் வயதில் கேலிக்கும் ஒதுக்கலுக்கும் ஆளானதை அவர் வெளிப்படையாகவே சொல்லியிருக்கின்றார். தெருவில் சுமையாக இருந்த அதே உடல் வலைப்பந்துத் திடலில் அணியின் மிகப் பெரிய பலமாயிற்று. 2009, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றபோது அவர் அணியில் இருந்தார். 2019ஆம் ஆண்டு லிவர்பூலில் நடைபெற்ற உலகக் கிண்ணத் தொடரில் எல்லா நாட்டு வீராங்கனைகளிலும் அதிக கோல்களை இட்டவரும் அவரே. கூடைப்பந்தாட்டத்தில் இதற்கு நிகராகச் சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரையைக் குறிப்பிடலாம். பதினாறு வயதில் இந்திய அணியில் இடம்பெற்று, பத்தொன்பது வயதில் அணித்தலைவியானவர். தாயான பின்னரும் திடலுக்குத் திரும்பி 2017 வரை நாட்டுக்காக ஆடினார். 2021ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருதும் அவருக்கு அறிவிக்கப்பட்டது.

இவர்களுடைய படங்களைப் பாடசாலைச் சுவரில் ஒட்டுவது நல்லதே. ஆனால் பண்டூரா சொன்ன இரண்டாவது வழியில் ‘தன்னைப் போன்ற ஒருவர்’ என்ற சொற்களே முக்கியமானவை. றத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பஸ்ஸில் வரும் தரம் 9 மாணவிக்கு, அதே பஸ்ஸில் வந்து, அதே பாடசாலையில் தரம் 12இல் படித்துக்கொண்டு, அணியிலும் ஆடும் ஓர் அக்காவே எந்தத் தேசிய வீராங்கனையையும் விடப் பெரிய முன்மாதிரி. வாரத்தில் ஒரு நாளாவது மூத்த அணியினர் இளையோருக்குப் பயிற்சியளிக்கும் வழக்கத்தை ஏற்படுத்தினால் இரு தரப்பினருக்கும் பயன் உண்டு. கற்றுக்கொடுக்கும்போது மூத்தவரின் நம்பிக்கையும் வளர்கின்றது.

நம்பிக்கையை வளர்ப்பது ஒருபுறமிருக்க, அதை உடைப்பது எது என்பதையும் நோக்க வேண்டும். இங்கு வில்ட் சேம்பர்லின் கதை நினைவுக்கு வருகின்றது. 1962ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் திகதி அமெரிக்கத் தொழில்முறை ஆட்டமொன்றில் தனியொருவராக 100 புள்ளிகளைப் பெற்று எவராலும் இன்றுவரை முறியடிக்கப்படாத சாதனையை நிலைநாட்டியவர் அவர். ஆட்டக்காரர்கள் ‘பிரீ த்ரோ’ என்று சொல்லும் தடையற்ற எறிகையில் அவர் என்றும் பலவீனமானவர். ஆனால் அப்பருவத்தில் பந்தை இரு கைகளாலும் பிடித்து இடுப்புக்குக் கீழிருந்து மேலே வீசும் முறையைக் கையாண்டார். அன்று 32 எறிகைகளில் 28ஐ வெற்றிகரமாக இட்டார். அதன் பின்னர் அம்முறையைக் கைவிட்டு, முன்போலத் தலைக்கு மேலிருந்து எறியத் தொடங்கினார். வாழ்நாள் முழுவதற்குமான அவருடைய வெற்றி வீதம் நூற்றுக்கு 51 அளவிலேயே நின்றுவிட்டது. ஏன் கைவிட்டார்? கீழிருந்து வீசுவது பெண்பிள்ளைத்தனமாகத் தோன்றியதால் வெட்கப்பட்டதாக அவரே பின்னர் தமது சுயசரிதையில் எழுதினார்.

இரண்டு மீற்றருக்கு மேல் உயர்ந்த, உலகமே வியந்த ஒருவரையே பிறர் சிரிப்பார்களோ என்ற எண்ணம் வென்றுவிட்டதென்றால், பதினான்கு வயதுப் பிள்ளையின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. எனவே பயிற்சித் திடலில் ஆசிரியர் விதிக்க வேண்டிய முதல் சட்டம் பந்தைப் பற்றியதாக இருக்க வேண்டியதில்லை. தவறிய எறிகைக்கு எவரும் சிரிக்கக் கூடாது என்பதாக இருக்கட்டும். பார்வையாளர் வரிசையில் அமர்ந்து பட்டப்பெயர் சூட்டி மகிழும் சகமாணவர்களுக்கும், ஏன் சில பெரியவர்களுக்கும்கூட, இச்சட்டம் பொருந்தும்.

பயிற்றுவிப்பாளரின் நடத்தை எத்துணை வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்கு ஆய்வுச் சான்று உள்ளது. வொஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் ஸ்மித், பிராங்க் ஸ்மோல் ஆகியோர் சிறுவர் பேஸ்போல் பயிற்றுவிப்பாளர்களுக்குக் குறுகிய பயிற்சியொன்றை வழங்கினர். நல்ல முயற்சியைக் கண்டவுடன் பாராட்டுதல், தவறு நேர்ந்தால் முதலில் தேற்றிப் பின்னர் ஒரேயொரு திருத்தத்தை மட்டும் சொல்லுதல், தண்டனையையும் ஏளனத்தையும் அறவே தவிர்த்தல் என்பனவே அதன் சாரம். 1992ஆம் ஆண்டு வெளியான முடிவுகளின்படி, இப்பயிற்சியைப் பெறாத பயிற்றுவிப்பாளர்களின் கீழ் ஆடிய சிறுவர்களில் நூற்றுக்கு 26 பேர் அடுத்த ஆண்டு விளையாட்டைக் கைவிட்டிருந்தனர். பயிற்சி பெற்றோரின் கீழ் அவ்வாறு விலகியோர் நூற்றுக்கு 5 பேர் மாத்திரமே. வேறு நாடு, வேறு விளையாட்டு என்பது உண்மையே. ஆயினும் ஏச்சு வாங்கிய பிள்ளையின் முகம் எல்லா நாடுகளிலும் ஒன்றுதான்.

எமது பாடசாலை ஆட்டங்களில் பந்தைத் தவறவிட்ட பிள்ளையை அடுத்த கணமே வெளியே அழைத்து வாங்கில் அமர்த்தும் வழக்கம் உள்ளது. பயிற்றுவிப்பாளர் அதைத் தந்திரோபாயம் என்று கருதலாம். பிள்ளையோ அதைத் தண்டனை என்றே விளங்கிக்கொள்கின்றது. மறுமுறை களமிறங்கும்போது அதன் ஒரு கண் வளையத்திலும் மறு கண் ஆசிரியரின் கையிலும் இருக்கும். தவறு நேர்ந்தபின் இன்னும் இரண்டு மூன்று நிமிடங்களாவது ஆட விட்டு, நன்றாக ஏதேனும் செய்த பின்னர் வெளியே அழைப்பது பெரிய விட்டுக்கொடுப்பன்று.

மைக்கல் ஜோர்டன் பாடசாலை அணியிலிருந்து வெட்டப்பட்டார் என்ற கதை பரிசளிப்பு விழாக்களில் ஓயாது சொல்லப்படுவது. அது முழு உண்மையன்று. 1978ஆம் ஆண்டு வில்மிங்டன் நகர லேனி உயர்நிலைப் பாடசாலையில் பதினைந்து வயது ஜோர்டனுக்கு முதலாம் அணியில் இடம் கிடைக்கவில்லை. அவ்விடம் அவரிலும் உயரமான சக மாணவர் ஒருவருக்குச் சென்றது. ஆனால் ஜோர்டன் வீட்டுக்கு அனுப்பப்படவில்லை, இரண்டாம் அணியில் சேர்க்கப்பட்டார். முதலாம் அணியில் வாங்கில் அமர்ந்திருக்க வேண்டியவர், இரண்டாம் அணியில் ஆட்டத்துக்கு ஆட்டம் திடலில் நின்றார். அவமானம் அவரை வளர்த்தது என்று கதை சொல்வோர் கூறுவர். கிடைத்த ஆட்ட நேரமும் வளர்த்தது என்று சொல்வதே பொருத்தமாகும். இரண்டாம் அணி என ஒன்று எமது எத்தனை பாடசாலைகளில் உள்ளது? பன்னிரண்டு பேரைத் தெரிவுசெய்து அவர்களுள் ஏழு பேரை மட்டும் ஆட வைப்பதுடன் கதை முடிந்துவிடுகின்றது. வலய மட்டத்தில் அயற்பாடசாலைகள் தம் இரண்டாம் அணிகளை நட்பு முறையில் மோதவிட்டால் பெருஞ்செலவு எதுவும் ஏற்படாது.

முஸ்லிம் மாணவிகளைப் பொறுத்தவரை மேலும் ஒரு தடை நெடுங்காலம் இருந்து வந்தது. கூடைப்பந்தாட்டம் 1891ஆம் ஆண்டு டிசம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவரால் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் உருவாக்கப்பட்டது. அதே நகரில் வளர்ந்த பில்கிஸ் அப்துல் காதிர் என்ற முஸ்லிம் மாணவி, தலையை மறைத்து முழுக்கை அணிந்து ஆடியே பாடசாலைப் பருவத்தில் 3,070 புள்ளிகளைக் குவித்தார். அன்றுவரை மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆண்களோ பெண்களோ எட்டாத எண்ணிக்கை அது. பல்கலைக்கழக மட்டத்திலும் ஆடினார். ஆனால் 2014ஆம் ஆண்டு தொழில்முறை ஆட்டத்துக்குச் செல்ல முனைந்தபோது, தலை மறைப்பை அனுமதிக்காத சர்வதேசக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனத்தின் விதி குறுக்கே நின்றது. அதே ஆண்டு செப்டெம்பரில் தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் கட்டார் மகளிர் அணியினர் ஹிஜாபைக் கழற்ற மறுத்துத் தம் ஆட்டத்தையே விட்டுக்கொடுத்தனர். இத்தகைய எதிர்ப்புகளின் பின்னரே 2017ஆம் ஆண்டு மே மாதம் விதி மாற்றப்பட்டு, அவ்வாண்டு ஒக்டோபர் முதலாம் திகதி தொடக்கம் தலை மறைப்பு அனுமதிக்கப்பட்டது.

ஆகவே, உடையைக் காரணம் காட்டி ஒரு மாணவியை ஒதுக்குவதற்குச் சர்வதேச விதியில் இடமில்லை. இதை மாத்தளை நகரிலோ வரக்காமுறையிலோ கலேவெலயிலோ உள்ள ஒரு பெற்றோருக்கு அதிபர் எடுத்துச் சொல்லலாம். சொன்னால் மட்டும் போதாது. பயிற்சி மஃரிபுக்கு முன்னர் முடிந்து பிள்ளை வீடு சேருமா, பயிற்சியின்போது பெண் ஆசிரியர் ஒருவர் உடனிருப்பாரா, முழுக்கையும் நீள் காற்சட்டையும் கொண்ட சீருடை முழு அணிக்கும் ஒரே நிறத்தில் கிடைக்குமா என்ற கேள்விகளுக்கு விடை வேண்டும். பிறர் எல்லோரும் ஒரு சீருடையில் நிற்க, தான் மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவந்த வேற்று நிற உடையில் நிற்கும் பிள்ளையிடம் நம்பிக்கையை எதிர்பார்ப்பது நியாயமாகுமா?

நோன்பு மாதத்திலும் பயிற்சியிலிருந்து பிள்ளைகளை முற்றாக ஒதுக்கிவிடும் போக்கு உண்டு. 1995ஆம் ஆண்டு பெப்ரவரியில் நோன்பு நோற்றவாறே ஆடிய ஹக்கீம் ஒலாஜுவான், அம்மாதத்தின் சிறந்த வீரராகத் தெரிவானார். வளரும் பிள்ளைகளை அவருடன் ஒப்பிட்டு வெயிலில் ஓடவிட வேண்டும் என்பதல்ல கருத்து. கடும் ஓட்டத்தைத் தவிர்த்து, நின்ற நிலையில் எறியும் பயிற்சியைக் குறைந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு மாதம் அணியுடன் இல்லாத பிள்ளை, திரும்பி வரும்போது தன் இடம் பறிபோயிருக்குமோ என்ற ஐயத்துடனேயே வருகின்றது.

மொழியும் ஒரு விடயம். மாத்தளை மாவட்டத்தில் தமிழ் பேசும் மக்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரே. வலய மட்டத்தைத் தாண்டிச் செல்லும் தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் பெரும்பாலும் சிங்களத்தில் நடத்தப்படும் பயிற்சி முகாம்களையே எதிர்கொள்கின்றனர். கட்டளை விளங்காத பிள்ளை அரைக் கணம் தாமதிக்கின்றது. பார்ப்போர் அதை மந்தம் என்கின்றனர், நாளடைவில் பிள்ளையும் அதை நம்பத் தலைப்படுகின்றது. திடலில் தேவைப்படும் சிங்களச் சொற்கள் முப்பதோ நாற்பதோதான் இருக்கும். அவற்றைத் தமிழுடன் பக்கத்தில் எழுதி ஒரு தாளில் கொடுத்துவிடலாம். சிங்களம் தெரிந்த உடற்கல்வி ஆசிரியருக்கு இது அரை மணி நேர வேலை.

படபடப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. போட்டிக்கு முன் இதயம் வேகமாக அடிப்பதையும் உள்ளங்கை வியர்ப்பதையும் பிள்ளைகள் பயத்தின் அறிகுறியாகவே கொள்கின்றனர். உடல் ஓட்டத்துக்குத் தயாராகும் விதம் அது, தேர்ந்த வீரர்களுக்கும் அவ்வாறே நிகழ்கின்றது என்று விளக்கிவிட்டால் பாதிச் சுமை இறங்கும். எறிவதற்கு முன் பந்தை மூன்று முறை தட்டி, ஒரு மூச்சை நீளமாக விட்டு, வளையத்தின் விளிம்பைப் பார்த்து எறிதல் என ஒரு நிலையான ஒழுங்கைப் பழக்க வேண்டும். பயிற்சி முடியும் வேளையில், ஓடிக் களைத்த நிலையில், அணியினர் அனைவரும் சுற்றி நின்று பார்க்க, ஒவ்வொருவரும் இரண்டு எறிகைகளை எறியட்டும். பலர் பார்க்க எறிவது போட்டி நாளில்தான் முதன்முறையாக நிகழ வேண்டும் என்பதில்லை.

இவ்வளவும் செய்து வளர்த்த பிள்ளைகளில் கணிசமானோர் தரம் 10க்கு வந்ததும் விடைபெற்றுவிடுகின்றனர் என்பதே பயிற்றுவிப்பாளர்களின் மனக்குறை. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையும் மாலை நேரப் பிரத்தியேக வகுப்புகளும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. பெற்றோரின் அச்சத்தைக் குறைகூற முடியாது, தோட்டத்து லயனிலிருந்து ஒரு பிள்ளை வெளியேறுவதற்குக் கல்வியே நம்பகமான வழியாக உள்ளது. ஆனால் வாரத்தில் ஐந்து நாள் பயிற்சி, இல்லையேல் எதுவுமில்லை என்ற இரண்டுக்கும் இடையில் இடமுண்டு. பரீட்சை ஆண்டில் வாரத்துக்கு இரண்டு காலைகள், பாடசாலை தொடங்குமுன் நாற்பது நிமிடங்கள் என்று அதிபரும் பயிற்றுவிப்பாளரும் பெற்றோரும் கூடி ஓர் உடன்பாட்டுக்கு வரலாம். அந்த உடன்பாட்டைத் தரம் 10 தொடங்கிய பின்னர் அல்லாமல், தரம் 9இன் இறுதித் தவணைப் பெற்றோர் கூட்டத்திலேயே பேசிவிடுவது நல்லது. அதற்குள் தூரமும் எண்ணிக்கையும் நிரம்பிய அந்த அப்பியாசக் கொப்பி பிள்ளையின் கையில் இருந்தால், பெற்றோரிடம் காட்டிப் பேசுவதற்கு ஆசிரியருக்கும் இலகுவாக இருக்கும்.